எல்மர் கோன்கின் எடுத்த ஷூ

கனடாவில் ரோஸ்லேண்ட் என்கிற மலையூரில் ஒரு ஆம்பளையைப் பார்த்தால் முகத்தை அப்புறம்தான் பார்ப்பார்கள், முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். என்ன ஷூ போட்டிருக்கிறான் என்று தெரிந்தால் போதும். ஆள் எப்படிப்பட்டவன், மலையில் எப்படி இறங்குவான், விழுந்தால் யாரைத் திட்டுவான் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்கள். மலை சைக்கிள் ஓட்டுகிறவர்களில் இங்கே இரண்டு கட்சி. பெடல்மேல் சும்மா காலை வைத்து மிதிக்கிறவர்கள் ஒரு கட்சி. அவர்களுக்கு மெத்தென்ற ரப்பர் அடி. ஷூவுக்கு அடியில் ஒரு இரும்புக் கொக்கியை முடுக்கி, அதைப் பெடலில் 'டக்'கென்று மாட்டிக்கொண்டு மிதிக்கிறவர்கள் இன்னொரு கட்சி. அவர்கள் ஷூவின் அடி பலகை மாதிரி விறைத்து நிற்கும். குதிகாலை வெளிப்பக்கம் திருகினால்தான் கால் பெடலை விட்டு வரும். இரண்டு கட்சியும் ஒரே மேசையில் பீர் குடிக்கும், ஒன்றுக்கொன்று பெண் கொடுக்கும், எடுக்கும். ஷூ பேச்சு வந்துவிட்டால் மட்டும் முகம் திருப்பிக்கொள்ளும்.

எல்மர் கோன்கின் கொக்கிக் கட்சி. சாதாரணக் கட்சிக்காரன் இல்லை, கொடி பிடிக்கிற ஆள். மலைக்குக் கீழே ஆற்றோரம் இருக்கிற ஈயம் உருக்கும் ஆலையில் வேலை. ரஷ்யாவிலிருந்து துப்பாக்கியும் தூக்க மாட்டோம், கறியும் தின்ன மாட்டோம் என்று கப்பலேறி வந்த கூட்டத்தின் வழி வந்தவன் என்பதால் வீட்டில் கறி கிடையாது. வெளியில் என்ன சாப்பிட்டான் என்று கேட்காதீர்கள். அகலமான தோள், அதைவிட அகலமான பாதம். அந்தப் பாதத்துக்கு நாற்பத்து நாலாம் நம்பர் ஷூ வேண்டும். அவன் வாழ்நாள் முழுக்க வாங்கியது நாற்பத்து மூன்று.

"காலுக்கும் ஷூவுக்கும் நடுவுல காத்துகூடப் போகக் கூடாது. போச்சுன்னா மிதிக்கிற பலமெல்லாம் அங்கேயே செத்துடும்," என்பான். அவன் மட்டுமா? ஊரில் கொக்கி மாட்டுகிற அத்தனை ஆம்பளைக்கும் இதே பைத்தியம்தான். வருஷா வருஷம் கோடை முடியும்போது கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் விழும். அதை மதுக்கடையில் மேசைமேல் காலைத் தூக்கிவைத்துக் காட்டுவார்கள், போரில் வாங்கிய காயம் மாதிரி.

அவன் மனைவி மார்னி சமவெளிக்காரி. சஸ்காச்சுவனில் கோதுமைக்கு நடுவில் பிறந்தவள், பள்ளிக்கூட சமையலறையில் வேலை பார்க்கிறாள். "எங்க ஊர்ல மாட்டுக்குக்கூட லாடம் அளந்துதான் அடிப்பாங்க," என்பாள் அந்த நகத்தைப் பார்த்து. எல்மர் சிரிப்பான். அடுத்த வருஷமும் நாற்பத்து மூன்றுதான் வாங்குவான்.

விழுந்த கதையை நீட்டி முழக்க எனக்கு மனசில்லை. அக்டோபர் மாசம், ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம், அவனும் டாரியோவும் 'தகரக் கூரை'ப் பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். டாரியோ பெலானி சைக்கிள் கடைக்காரன். இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பெரிய பெரிய பாறையிலெல்லாம் பறந்து இறங்கின எல்மர், வீடு கண்ணுக்குத் தெரிகிற கடைசி வளைவில், ஈர இலைக்கு அடியில் இருந்த ஒரு வேரில் வழுக்கினான். அவ்வளவுதான். நெஞ்சுக்கு நேராக முதுகெலும்பு போய்விட்டது.

ஆட்கள் தூக்க வருகிறவரை டாரியோ அவன் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்மர் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கால் பெடல்ல மாட்டிக்கிட்டு இருக்குடா. கழட்டி விடு."

"கழண்டுதான்டா கிடக்கு."

"பொய் சொல்லாத. ரெண்டும் மாட்டியிருக்கு. எனக்குத் தெரியுது. கழட்டி விடுடா, பாவி."

சைக்கிள் இருபதடி தள்ளி ஒரு தேவதாரு மரத்தில் சாய்ந்து கிடந்தது. கால் இரண்டும் இலைமேல் நீட்டிக் கிடந்தன. டாரியோ அதைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். "சரிடா, கழட்டிட்டேன்," என்றான்.

கழற்றவே இல்லை என்று வையுங்கள். அன்றையிலிருந்து எல்மருக்கு நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் தெரியாது; நெருப்பை வைத்தாலும் தெரியாது. ஆனால் கால் மட்டும் பெடலில் மாட்டியபடியே இருக்கிற மாதிரி ஓர் உணர்வு. வலது பாதம் கீழே, இடது பாதம் மேலே, குதிகால் திருகத் தயாராக. தூங்கி எழுந்தாலும் அப்படியே. வான்கூவர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், மூளை கடைசியாகப் பார்த்த இடத்திலேயே காலைத் தேடுமாம், போகப் போகச் சரியாகுமாம். சரியாகவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வாசல் படியை உடைத்துச் சரிவுப் பலகை போட்டார்கள். வாரம் ஒரு தடவை வருகிற நர்ஸ் கேத்லீன் முதல் நாளே அவன் சக்கர நாற்காலிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"உன் கால் இனிமே உன்கிட்டப் பேசாது, எல்மர். நீதான் போய்ப் போய்ப் பாக்கணும். இறுக்கிச்சா, உரசிச்சா, சுருக்கம் விழுந்துச்சா, அது சொல்லாது. ஒரு காயம் வந்தா லேசுல ஆறாது. ஆறலைன்னா எலும்புக்குப் போகும். எலும்புக்குப் போனா கால எடுத்துடுவாங்க. வேற வழி கிடையாது."

"இருந்து என்ன கிழிக்கப் போகுது?" என்றான் எல்மர்.

"அந்தப் பேச்சு என்கிட்ட வேணாம். இன்னொண்ணு கேட்டுக்கோ. திடீர்னு தலை வலிச்சாலோ, முகம் வேர்த்துக் கொட்டினாலோ, கீழ ஏதோ கத்துதுன்னு அர்த்தம். உடம்புக்கு வேற வாய் இல்ல. அப்போ மொத வேலையா ஷூவைக் கழட்டு."

அவன் தலையாட்டினான். மார்னிதான் கேட்டுக்கொண்டாள். தினமும் சாயங்காலம் ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அவன் பாதத்தைத் தூக்கி அடி, குதி, விரலிடுக்கு எல்லாம் பார்ப்பாள். அந்த நேரத்தில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். ஜன்னலுக்கு வெளியே பின்னால் சைக்கிள் கட்டிய வண்டிகள் மலைக்குப் போய்க்கொண்டிருக்கும். இரண்டு வருஷம் இப்படித்தான் போனது. ஆலையிலிருந்து கூட்டாளிகள் வந்தார்கள், பிறகு வருவது குறைந்தது. அவன் சிரித்து மார்னி பார்க்கவில்லை. ஒரு நாள் முட்டைக்கோஸ் சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே, "அன்னைக்கே அந்த வேர்லயே முடிஞ்சிருக்கலாம்," என்றான், உப்பு குறைவு என்று சொல்கிற குரலில். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

போன வருஷம் பனி உருகின சமயத்தில் சைக்கிள் பாதை போடுகிற சங்கத்துக்காரர்கள் எங்கெங்கோ பணம் கேட்டு ஒரு வண்டி வாங்கினார்கள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. படுத்த மாதிரி உட்கார்ந்து கையால் சுற்ற வேண்டும். பேட்டரி உதவி செய்யும். காலை முன்னால் இரண்டு தொட்டியில் வைத்து வாரால் கட்டிவிடுவார்கள். டாரியோ மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னான்.

"மாப்ளே, உனக்காகத்தான்டா வாங்கியிருக்கு. வேற எவன் இருக்கான் இந்த ஊர்ல?"

"குழந்தைங்க தள்ளுவண்டியில என்னை உக்கார வச்சுத் தள்ளிட்டுப் போகலாம்னு பாக்கறீங்களா?"

"தள்ளுவண்டியா? இறக்கத்துல விட்டா என்னால பிடிக்க முடியாதுடா. ஓட்டிப் பாத்துட்டுதான் சொல்றேன்."

"நீ எப்போ என்னைப் பிடிச்சிருக்க?"

டாரியோவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. அந்தப் பழைய திமிர்ப் பேச்சை இரண்டு வருஷமாக அவன் கேட்கவில்லை. மார்னி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோடை முழுக்க எல்மர் கைக்குப் பலம் ஏற்றினான். செப்டம்பரில் முதல் மழை பெய்து மண் படிந்ததும் மேலே லார்ச் மரத்துக் குடிசை வரைக்கும் போவதென்று பேச்சு. எல்லாம் கூடி வந்தது. ஷூ மட்டும் இல்லை. பழைய ஷூவை ஆம்புலன்ஸ்காரர்கள் அன்றைக்கே கத்தரியால் வெட்டிவிட்டார்கள்.

கேத்லீன் தெளிவாகச் சொல்லிவிட்டாள். கல் தெறித்தால் தாங்குகிற மாதிரி வெளியே கெட்டியாக இருக்கட்டும், உள்ளே பஞ்சு மாதிரி இருக்க வேண்டும், தையல் உறுத்தக் கூடாது, நம்பர் நாற்பத்தைந்துக்குக் குறையக் கூடாது. நாற்காலியில் தொங்கித் தொங்கிக் கால் சாயங்காலத்தில் வீங்கும். அதனால் சாயங்காலம் போய் வாங்கு. மார்னி கூட வருகிறேன் என்றாள்.

"ஷூ வாங்கப் போறேனா, ஆபரேஷனுக்குப் போறேனா? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக?"

தனியாக வாசலைத் தாண்டுகிறேன் என்று இரண்டு வருஷத்தில் அவன் முதல் தடவையாகச் சொல்கிறான். அவள் எப்படித் தடுப்பாள்? டாரியோவுக்கு மட்டும் போன் போட்டு, "நாப்பத்தஞ்சு. மறந்துடாத," என்றாள்.

போனது காலையில். பொறுக்க முடியவில்லை அவனுக்கு.

டாரியோ கடையில் ஷூ எடுக்கிற முறை ஊருக்கே தெரியும். மலையில் போடுகிற காலுறையோடு வர வேண்டும். மரக்கட்டை பெஞ்சில் உட்கார வைத்து, அவனே முட்டி போட்டு மாட்டிவிடுவான். பிறகு பலகையில் ஆணியடித்து வைத்திருக்கிற பெடல்மேல் ஏறி நிற்கச் சொல்வான். கட்டைவிரல் இருக்கிற இடத்தில் தன் கைப் பெருவிரலால் அமுக்கி, அண்ணாந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பான். பதில் வருகிறவரை அடுத்த ஜோடியைத் தொட மாட்டான். இருபது வருஷமாக இதுதான்.

முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடியைக் கொண்டுவந்தான். அகலம், மெத்துமெத்து, மேலே ஒட்டுப்பட்டை.

எல்மர் அதைத் திருப்பிப் பார்த்தான். "என்னடா இது? ஷூவா, ரொட்டி சுடற தட்டா?"

"நல்லா இருக்கும்டா. மெத்துனு இருக்கும்."

"யாருக்கு மெத்துனு இருக்கும்?"

டாரியோ அதை மாட்டிவிட்டான். அந்த ஷூவுக்குள் எல்மரின் கால் நோயாளி காலாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரி நடையில் தள்ளிக்கொண்டு போவார்களே, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் கால். எல்மர் அதைப் பார்த்தான். அவன் முகத்தில் காலையிலிருந்து இருந்த வெளிச்சம் போய்விட்டது.

"அது என்ன?" என்றான் சுவரைக் காட்டி.

விழுவதற்கு முன்னால் அவன் போட்டிருந்த அதே ஷூ. அந்த வருஷத்துப் புது மாதிரி. கறுப்பு, பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடு, பல் வைத்த இறுக்குப் பட்டை.

"அது வேணாம்டா."

"வாங்குறேன்னு சொன்னேனா? போட்டுப் பாக்கறேன். போட்டுப் பாக்கக்கூட மார்னிகிட்ட கையெழுத்து வாங்கணுமா?"

நாற்பத்து மூன்றில்தான் அந்த மாதிரி கடையில் இருந்தது. டாரியோ முட்டி போட்டான். கால் துவண்டு துவண்டு விலகியது. குதிகாலைத் தள்ளி, முன்பக்கத்தை இழுத்து, ஷூ மாட்டுகிற கொம்பை வைத்து நெம்பி, எப்படியோ ஏற்றினான். இறுக்குப் பட்டையை அழுத்தினான், 'டர்ர்' என்று ஏறி நின்றது. இன்னொரு காலும். இரண்டு பேரும் பார்த்தார்கள். அடக் கடவுளே, கால் உயிரோடு இருந்தது. இப்போதுதான் சைக்கிளிலிருந்து இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தவன் கால் மாதிரி இருந்தது. எல்மர் கோன்கினின் கால்.

டாரியோ அப்போதுதான் அதைச் செய்தான். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போனது. பெருவிரலால் ஷூவின் நுனியை அமுக்கி, அண்ணாந்து பார்த்து, இருபது வருஷமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"விரல் எங்க இடிக்குது?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. கடையில் வேறு யாரும் இல்லை. டாரியோவின் காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. எல்மர் அவனைப் பார்த்தான், ஷூவைப் பார்த்தான். 'தெரியலடா' என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் இரண்டு பேரும் ஒரே நொடியில் நாற்காலிக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். அவனால் முடியவில்லை.

"எங்கேயும் இடிக்கல," என்றான். "சரியா இருக்கு."

அந்த இடத்தில் டாரியோவின் செவிட்டில் யாராவது ஒன்று விட்டிருக்க வேண்டும். உணர்ச்சியே இல்லாத கால் 'சரியா இருக்கு' என்று சொல்கிறது, இவன் 'சரி' என்று தலையாட்டுகிறான். நண்பனை அவமானப்படுத்திவிட்டோமே என்கிற கூச்சம் அவனுக்கு. கூச்சமாம்! கூச்சப்படுகிற நேரமா அது? மார்னி சொன்ன நம்பர் வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டான்.

"அடியில கொக்கியும் மாட்டிக் குடு," என்றான் எல்மர்.

அந்த வண்டியில் காலுக்குப் பெடலே கிடையாது. இரண்டு பேருக்கும் தெரியும். டாரியோ திருப்புளியை எடுத்துவந்து, ஒவ்வொரு ஷூவின் அடியிலும் கொக்கியை வைத்து, பழைய அளவு பார்த்து, நேராக முடுக்கிக் கொடுத்தான்.

வீட்டில் மார்னி கேட்டாள், "என்ன சைஸ்?"

"நீ சொன்னதுதான்."

"பெட்டி எங்க?"

"குப்பையை எதுக்குத் தூக்கிட்டு வரணும்?"

அவள் ஷூவைத் திருப்பிக் கொக்கியைப் பார்த்தாள். "இது எதுக்கு?"

"அழகுக்கு."

அவள் சிரித்துவிட்டாள். ஷூவின் நாக்கைத் தூக்கிப் பார்த்திருந்தால் உள்ளே நம்பர் அச்சடித்திருக்கும். பார்க்கவில்லை. புருஷன் விளையாட்டாகப் பேசுகிறான், அவளும் சிரிக்கிறாள், அந்த நேரத்தில் யாருக்கு நாக்கைத் தூக்கிப் பார்க்கத் தோன்றும்?

மலைக்குப் போன நாள் அருமையான நாள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மழைக்கு மறுநாள், மண் கேக் மாதிரி படிந்திருந்தது. எல்மர் முன்னால் போனான். பின்னால் டாரியோ, அவனுக்குப் பின்னால் ஆலைக் கூட்டாளிகள் ஐந்தாறு பேர். ஏற்றத்தில் திட்டிக்கொண்டே ஏறினான். குடிசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றான். இறக்கத்தில் அவன் போட்ட சத்தம் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "வாங்கடா, பொட்டப் பசங்களா!" என்று கத்தினான். 'தகரக் கூரை'யின் கடைசி வளைவில் அந்த வேரைத் தாண்டும்போது மட்டும் கத்தவில்லை. தாண்டினதும் நிறுத்தி, கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டாரியோ பார்த்தும் பார்க்காத மாதிரி சங்கிலியைக் குனிந்து தடவினான்.

மத்தியானத்திலேயே தலை வலிக்க ஆரம்பித்திருந்தது. முகம் வேர்த்துச் சொட்டியது. கழுத்தில் மயிர்க்கால் குத்திட்டு நின்றது.

"என்னடா, ஒரு மாதிரி இருக்க?" என்றான் டாரியோ.

"ரெண்டு வருஷம் கழிச்சு வெயில் பாக்கறேன்டா. வேர்க்காதா?"

கேத்லீன் சொன்னது அவனுக்கு நினைவு வந்ததா? வந்தது. நன்றாகவே வந்தது. ஷூவைக் கழற்று என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவள் சொன்ன குரல் அப்படியே காதில் கேட்டது. கழற்றினால் இந்த நாள் முடிந்துவிடும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

கீழே வந்ததும் வண்டிகளின் பின்கதவைத் திறந்து போட்டு பீர். மார்னி உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட அப்பம் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தாள். யாரோ போட்டோ எடுத்தார்கள். சேறு பூசின கறுப்பு ஷூ, சிவப்புக் கோடு, நடுவில் எல்மர் வாயெல்லாம் பல்லாக.

"கழட்டிடட்டுமா?" என்று குனிந்தாள் மார்னி.

"இன்னைக்கு ஒரு நாள் விடு, மார்னி. சேத்தோட இருக்கட்டும். எல்லாரும் ஷூவோடதானே நிக்கிறாங்க?"

விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அவன் சோபாவில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். தூக்கத்திலும் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. அவள் போர்வையைக் கொண்டுவந்து போட்டாள். கைக்கண்ணாடி அலமாரியில் இருந்தது. ஷூவைக் கழற்றினால் விழித்துக்கொள்வான். அந்த முகத்தைக் கலைக்க அவளுக்கு மனசு வரவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்தாள்.

காலையில் ஷூ கழலவில்லை. எல்மர் காபி குடித்துக்கொண்டிருந்தான், நேற்று டாரியோ எங்கே வழுக்கினான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மார்னி பட்டையை விடுவித்து, குதிகாலைப் பிடித்து இழுத்தாள். வலது ஷூ உறிஞ்சுகிற சத்தத்தோடு வந்தது. காலுறை சதையோடு ஒட்டியிருந்தது. குதிகால் கறுத்திருந்தது. சுண்டுவிரல் பக்கம் தோல் இல்லை.

"என்ன?" என்றான் அவள் கை நின்றதைப் பார்த்து.

"ஒண்ணுமில்ல."

அவள் ஷூவின் நாக்கைத் தூக்கினாள்.

"நாப்பத்து மூணு," என்றாள்.

எல்மர் ஜன்னல் பக்கம் திரும்பினான். "டாரியோ கேட்டான், விரல் இடிக்குதான்னு."

"நீ என்ன சொன்ன?"

"சரியா இருக்குன்னேன்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷூ மடியில் கிடந்தது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பிறகு கத்தினாள். "உனக்கு எப்படிடா தெரியும்? சொல்லு! சரியா இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?" அந்த ஷூவாலேயே அவன் முழங்காலில் அடித்தாள், திரும்பத் திரும்ப அடித்தாள். அவன் தடுக்கவில்லை. அது அவனுக்கு வலிக்கவும் இல்லை. அதை நினைத்ததும் அவள் நிறுத்திவிட்டு, அந்தக் கால்மேலேயே தலையை வைத்து அழுதாள்.

இடது கால் தப்பித்தது. வலது கால் தப்பிக்கவில்லை. லார்ச் மரங்கள் மஞ்சளாகி உதிர்ந்தபோது அவன் குதிகாலில் எதுவும் படாமல் ஒருக்களித்துப் படுத்தே கிடந்தான். பனி விழுந்தபோதும் அப்படியே கிடந்தான். கேத்லீன் தினமும் வந்து கட்டு மாற்றினாள். அவள் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை, அதுதான் மார்னிக்குத் தாங்க முடியவில்லை. 'நான் அன்னைக்கு விளக்கை அணைக்காம இருந்திருந்தா' என்று பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். புண் எலும்புக்குப் போனது. பிப்ரவரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வலிக்கவே இல்லை. வலித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றான் எல்மர். ஆனால் கண் விழித்ததும் முதல் காரியமாகக் காலைத் தேடினான். இருந்தது. வலது பாதம் கீழே, இடது பாதம் மேலே, குதிகால் திருகத் தயாராக. எடுத்துக்கொண்டு போய் எரித்த காலும் இன்னும் அந்தப் பெடலில்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

"கழட்டி விடுங்க," என்றான் பக்கத்தில் நின்ற டாக்டரிடம். அவருக்குப் புரியவில்லை.

டாரியோ அந்தக் குளிர்காலம் முழுக்க வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வாசல் வரைக்கும் போய்த் திரும்பினான் என்று சொன்னார்கள். கடையில் ஷூ எடுக்க வருகிறவர்களை, "நீங்களே போட்டுப் பாத்துக்குங்க," என்று விட்டுவிடுகிறான் என்றும் சொன்னார்கள். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிற ஒரு மத்தியானம் வந்து கதவைத் தட்டினான். கையில் ஒரு பெட்டி. மார்னி கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள்.

எல்மர் இளைத்திருந்தான். அந்தத் தோளெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஜன்னலிலிருந்து திரும்பாமலே, "வழி மறந்துடுச்சோ?" என்றான்.

டாரியோ முட்டி போட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தான். சாம்பல் நிறம், அகலம், மெத்துமெத்து. நாற்பத்தைந்து. இடது ஷூவை எடுத்து, காகிதத்தை உருவி, மெதுவாக, முட்டையை வைக்கிற மாதிரி எல்மரின் காலில் மாட்டினான். ஒட்டுப்பட்டையை ஒட்டினான். அவன் பெருவிரல் தானாக ஷூவின் நுனிக்குப் போனது. சுட்டுக்கொண்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டான்.

"கேளுடா," என்றான் எல்மர்.

"வேணாம்டா."

"கேளுன்னா கேளு."

டாரியோ அண்ணாந்து பார்த்தான். "விரல்... எங்க இடிக்குது?"

எல்மர் அந்த ஷூவைப் பார்த்தான்.

"தெரியலடா," என்றான். "எனக்குத் தெரியல."

டாரியோ அவன் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டான். நெற்றி வைத்தது எல்மருக்குத் தெரியாது. தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் அழுகிறான் என்று தெரிந்துகொண்டான். கையைத் தூக்கி அவன் தலையில் வைக்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. வைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே முதல் வண்டி, பின்னால் இரண்டு சைக்கிள் கட்டிக்கொண்டு, மலைக்குப் போனது.

மார்னி வந்து குனிந்தாள். ஷூவைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, நுனி வரைக்கும் தடவிப் பார்த்து, திரும்ப மாட்டிவிட்டாள்.

டாரியோ எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெட்டியைப் பார்த்தான். ஜோடியாகத்தானே விற்கிறார்கள், வலது ஷூ காகிதம் சுற்றியபடியே உள்ளே இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அதை இங்க வைக்காத, டாரியோ," என்றாள் மார்னி.

அவன் பெட்டியை மூடி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, சரிவுப் பலகையில் இறங்கிப் போனான்.